மூலிகைச் சாறும் மூளையும்: தொடர் மனஅழுத்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். வைத்தியர் அல்ல. ஆனால் பெற்றோர் கூட்டம் முடிந்து வெளியே வந்தால், பிள்ளையின் புள்ளியை விட்டுவிட்டு, "டீச்சர், வல்லாரைக் குளிசை மூளைக்கு நல்லதாமே, வாங்கிக் குடுக்கட்டோ?" என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். யாருக்கும் மருந்து எழுதிக் கொடுப்பது நோக்கமல்ல. கடைக்குக் காசோடு போகுமுன் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

யோசனை, கவலை எல்லாம் மனதைத்தானே வாட்டும்? மூளைக்கு உண்மையாகவே ஏதும் நடக்குமா?

நடக்கும். நாய் துரத்தினால் உடம்பில் என்ன நடக்கிறதோ, லோன் தவணை எடுக்க ஆள் வரும் நாளிலும் கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது. மூளையின் அடியில் இருக்கும் பரிவகக்கீழ் (ஹைப்போதலமஸ்) என்ற பகுதி, கபச்சுரப்பிக்கு ஓர் இரசாயனச் செய்தி அனுப்பும். கபச்சுரப்பி சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அதிரீனல் சுரப்பிக்கு அடுத்த செய்தியை அனுப்பும். அங்கிருந்து கோட்டிசோல் என்ற ஓமோன் இரத்தத்தில் கலக்கும். இரத்தத்தில் சீனி கூடும், உடம்பு ஓடத் தயாராகும். நாய் போனதும் எல்லாம் அடங்கிவிட வேண்டும். இதுவரை பிழை ஒன்றுமில்லை, கோட்டிசோல் இல்லாமல் உயிர்வாழ முடியாது.

பிரச்சினை, அடங்காமல் மாதக்கணக்கில் நீடிக்கும்போதுதான். நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகம்பஸ் என்ற பகுதியில் கோட்டிசோலைப் பிடிக்கும் வாங்கிகள் நிறைய இருக்கின்றன. அமெரிக்காவில் புரூஸ் மக்யூவனும் கூட்டாளிகளும் 1968இல் எலிகளில் இதைக் காட்டினார்கள். "கோட்டிசோல் போதும், நிறுத்து" என்று மேலே சொல்லும் வேலையில் ஹிப்போகம்பஸுக்கும் பங்கு உண்டு. ஆனால் நீண்டகாலக் கோட்டிசோல் அதையே தாக்குகிறது. பிரேக் தேய்ந்த பஸ் பள்ளத்தில் இறங்குவதுபோல, அடக்க வேண்டிய உறுப்பே பலவீனப்பட்டுவிடுகிறது.

பிறகு அதே ஆய்வுக்குழு எலிகளை ஒரு நாளைக்கு 6 மணித்தியாலம் வீதம் 21 நாள் அசையவிடாமல் அடைத்துவைத்துப் பார்த்தது. ஹிப்போகம்பஸில் சிஏ3 எனப்படும் இடத்தில் நரம்புக்கலங்களின் கிளைகள் குறுகிப்போயிருந்தன. பெங்களூரில் 2002இல் வந்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. பயத்தைக் கையாளும் அமிக்டலாவில் கிளைகள் குறையவில்லை, கூடியிருந்தன. அதாவது நினைவுக்கான பகுதி ஒடுங்க, பயத்துக்கான பகுதி பெருக்கிறது. பரீட்சைக் காலத்தில் படித்தது நிற்காமல் பயம் மட்டும் நிற்கிறது என்று பிள்ளைகள் சொல்லும்போது எனக்கு இந்த இரண்டு படங்களும்தான் ஞாபகம் வரும்.

அப்ப கெட்டது கெட்டதுதானா? திரும்பாதா?

பெரும்பாலும் திரும்பும். இதைச் சொல்லாமல் பயமுறுத்துபவர்கள்தான் அதிகம். 2009இல் நியூயோர்க்கில் ஒரு பெரிய பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர்களைச் சோதித்தார்கள். கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் திறனும், அதற்குரிய முன்மூளைத் தொடர்புகளும் குறைந்திருந்தன. பரீட்சை முடிந்து ஒரு மாத ஓய்வுக்குப் பிறகு பார்த்தபோது சரியாகியிருந்தது. மருந்து எதுவும் கொடுக்கவில்லை.

எலிகளிலும் அழுத்தத்தை நிறுத்தினால் ஹிப்போகம்பஸின் கிளைகள் மீண்டும் வளர்கின்றன. ஆனால் அமிக்டலா அவ்வளவு லேசாக மறப்பதில்லை. 21 நாள் ஓய்வுக்குப் பிறகும் அங்கே வளர்ந்த கிளைகள் அப்படியே இருந்தன என்று அந்தப் பெங்களூர் குழுவே 2004இல் எழுதியது.

மனிதரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடும் அதிர்ச்சிக்குப் பிந்திய மனநோய் உள்ளவர்களுக்கு ஹிப்போகம்பஸ் சிறிதாக இருப்பதைக் கண்டு, அதிர்ச்சிதான் சுருக்கியது என்று நினைத்தார்கள். வியட்நாம் போருக்குப் போனவர்களையும், போருக்குப் போகாத அவர்களுடைய ஒத்த இரட்டையரையும் 2002இல் ஒப்பிட்டபோது, வீட்டில் இருந்த இரட்டையருக்கும் அது சிறிதாகவே இருந்தது. அப்படியானால் அது முன்பே இருந்த தன்மையாகவும் இருக்கலாம். "மன அழுத்தம் மூளையைச் சுருக்கும்" என்று ஒரே வரியில் சொல்லும் விளம்பரத்தைக் கண்டால் இந்த இரட்டையரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூலிகைச் சாறு இதில் எங்கே வேலை செய்கிறது என்கிறார்கள்?

ஆய்வுக் கட்டுரைகளில் வழக்கமாக நான்கு வழி சொல்வார்கள். கோட்டிசோலைக் குறைப்பது, மூளைக்கலங்களில் உண்டாகும் ஒட்சியேற்றச் சேதத்தைத் தடுப்பது, அழற்சியைத் தணிப்பது, நரம்புக்கலங்களை வளர்க்கும் பிடிஎன்எஃப் என்ற புரதத்தைக் கூட்டுவது. அமுக்கரா (அசுவகந்தா) போன்ற சிலவற்றுக்கு, மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற இரசாயனத்தைப் போல நடந்துகொள்ளும் குணமும் உண்டு.

ஆய்வின் அமைப்பு அநேகமாக ஒன்றுதான். எலிகள் பல கூட்டம். ஒன்றுக்கு அழுத்தம் மட்டும், இன்னொன்றுக்கு அழுத்தமும் சாறும். சில வாரம் கழித்து தண்ணீரில் விட்டு எவ்வளவு நேரம் நீந்துகிறது, புதிர்ப்பாதையில் எவ்வளவு பிழை விடுகிறது என்று பார்ப்பார்கள். பிறகு மூளையை எடுத்து மெல்லிய சீவல்களாக வெட்டி நிறமூட்டிக் கலங்களை எண்ணுவார்கள்.

கவனிக்க வேண்டிய இடம் இது: பல ஆய்வுகளில் சாறு அழுத்தத்துக்கு முன்பே, அல்லது முதல் நாளிலிருந்தே கொடுக்கப்படுகிறது. நம்மில் யார் கஷ்டம் வருமுன் மருந்து குடிக்கிறோம்? ஆறு மாதம் நித்திரை இல்லாமல் இருந்த பிறகுதானே கடை தேடிப் போகிறோம். பாதிப்பு வந்த பிறகு கொடுத்துச் சரியாக்கிக் காட்டிய ஆய்வுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

எலிக்குக் கொடுத்த அளவு நமக்கு எவ்வளவு ஆகும்?

இதை வகுப்பில் கணக்காகவே செய்விப்பதுண்டு. எலியின் உடம்பு நம்மைவிட வேகமாக மருந்தைக் கழிக்கும். அதனால் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்பதை நேரடியாக நமக்குப் பொருத்த முடியாது. பொதுவாக 6.2ஆல் வகுப்பார்கள். ஒரு ஆய்வில் எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் சாறு கொடுத்தார்கள் என்று வையுங்கள். நமக்குக் கிலோவுக்குச் சுமார் 32 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1.9 கிராம்.

1.9 கிராம்தானே என்று நினைக்க வேண்டாம். அது வற்றவைத்த சாறு. 10 கிராம் உலர்ந்த இலையிலிருந்து 1 கிராம் சாறு கிடைக்கிறது என்றால், அதற்கு 19 கிராம் உலர்ந்த இலை வேண்டும். உலராத கீரையாகப் பார்த்தால் தினமும் ஒரு பெரிய கட்டு. தேநீரில் மூன்று இலை போட்டுக் குடித்துவிட்டு ஆய்வு சொன்ன பலனை எதிர்பார்ப்பது கணக்குக்குச் சரிவராது.

வல்லாரை சாப்பிட்டால் ஞாபகசக்தி கூடுமா, மனஅழுத்தம் குறையுமா?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. அதிகம் எதிர்பார்க்கப்படும் பதிலும் இதற்குத்தான்.

வல்லாரையில் ஏசியாட்டிகோசைட், மடிகாசோசைட் என்ற சேர்மங்களும், அவற்றிலிருந்து பிரியும் ஏசியாட்டிக் அமிலமும் இருக்கின்றன. பச்சை இலைச்சாற்றை எலிகளுக்குச் சில வாரம் கொடுத்த மணிப்பால் ஆய்வுகளில் ஹிப்போகம்பஸ் கலங்களின் கிளைகள் நீண்டிருந்தன. மனிதரில், 2000ஆம் ஆண்டு கனடாவில் நடந்த ஒரு சிறு ஆய்வு சுவாரசியமானது. ஆரோக்கியமான 40 பேரில் ஒரு பகுதியினருக்கு 12 கிராம் வல்லாரையை ஒரே தடவையில் கொடுத்து, திடீர்ச் சத்தத்துக்கு எவ்வளவு திடுக்கிடுகிறார்கள் என்று அளந்தார்கள். அரை மணி, ஒரு மணி நேரத்தில் திடுக்கிடல் குறைந்திருந்தது.

ஆனால் 2017இல் மனித ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்கள், ஞாபகத்திலோ சிந்தனைத் திறனிலோ மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட வல்லாரை மேல் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றார்கள். விழிப்பு சற்றுக் கூடுவதும் கோபம் சற்றுக் குறைவதும் மட்டும் தெரிந்தது. இதைச் சொன்னால் அம்மம்மாமாருக்கு என்னில் கோபம் வருகிறது. நான் சொல்வது வல்லாரை வேண்டாம் என்பதல்ல. அது நல்ல கீரை, அந்த அளவில் தாராளமாகச் சாப்பிடலாம்.

சம்பல் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்டை நீக்கி, இலைகளைச் சுருட்டிப் பிடித்து நூல்போல அரிய வேண்டும். அரிந்த பிறகு கழுவினால் சாறெல்லாம் தண்ணியோடு போய்விடும், அதனால் கழுவிவிட்டு அரியுங்கள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, விரும்பினால் கொஞ்சம் மாசி. உப்பும் தேசிக்காய்ப் புளியும் கடைசியில், பரிமாறும் நேரத்தில் விட்டால்தான் இலை கறுக்காது. காலையில் தெருவோரத்தில் சுடச்சுட விற்கும் இலைக்கஞ்சியிலும் பல இடங்களில் வல்லாரை சேர்ப்பார்கள். சீனித் தேத்தண்ணியோடு இரண்டு பணிஸ் சாப்பிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

கப்சூல் வேறு கதை. வல்லாரைக் குளிசை எடுத்த மூன்று பெண்களுக்கு ஈரல் பாதிப்பு வந்ததை அர்ஜென்டினா வைத்தியர்கள் 2005இல் பதிவுசெய்தார்கள். அரிது. ஆனால் சம்பலுக்கு அப்படி ஒரு பதிவை நான் வாசித்ததில்லை.

அமுக்கராக் கிழங்கு? அசுவகந்தா என்று விற்கிறார்களே?

ஒரே செடிதான். மனஅழுத்தத்துக்கு மனிதரில் ஓரளவு நல்ல ஆதாரம் உள்ள மூலிகை என்றால், என் கணக்கில் இதுதான் முதல்.

2012இல் இந்தியாவில் நடந்த ஆய்வில் 64 பேர். ஒரு பகுதியினருக்கு வேர்ச்சாறு 300 மில்லிகிராம் காலையும் மாலையும், மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை, 60 நாள். சாறு எடுத்தவர்களின் இரத்தக் கோட்டிசோல் சுமார் 28 வீதம் குறைந்தது, மற்றவர்களுக்குச் சுமார் 8 வீதம். மனஅழுத்தக் கேள்வித்தாளிலும் நல்ல வித்தியாசம். பிறகு 2019இல் 60 பேரோடு நடந்த ஆய்வில், ஒரு நாளைக்கு 240 மில்லிகிராம் சாற்றுக்கே காலைக் கோட்டிசோல் குறைந்தது. நித்திரைக்கும் சிறு ஆய்வுகள் சாதகமாக வந்திருக்கின்றன.

இனிக் குறைகள். ஆய்வுகள் சிறியவை, பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தோடு முடிந்துவிடுபவை. சாறு தயாரிக்கும் கம்பனிகளின் பணமோ பொருளோ பலவற்றில் இருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், அளந்தது மனஅழுத்தத்தையும் கோட்டிசோலையும்தான். மனித மூளை பாதுகாக்கப்பட்டது என்று அவை காட்டவில்லை. கோட்டிசோல் குறைந்தால் மூளை தப்பும் என்பது நியாயமான ஊகம், அவ்வளவே.

யார் தொடக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் கட்டாயம் தவிர்க்க வேண்டும். தைரொயிட் கூடுதலாகச் சுரப்பவர்களுக்கும் தைரொயிட் குளிசை எடுப்பவர்களுக்கும் ஆபத்து, அது தைரொயிட் ஓமோனைக் கூட்டக்கூடும். ஈரல் வருத்தம் உள்ளவர்களும் வேண்டாம். 2020இல் ஐஸ்லாந்து, அமெரிக்க வைத்தியர்கள் ஐந்து பேருக்கு வந்த ஈரல் பாதிப்பைச் சேர்த்து எழுதினார்கள், மஞ்சட்காமாலையும் உடம்பு அரிப்பும்தான் அறிகுறி. டென்மார்க் 2023இல் இதன் விற்பனையையே தடைசெய்தது. அது கொஞ்சம் கூடிப்போன முடிவு என்பது என் எண்ணம். ஆனாலும் பால்மா வாங்குவதுபோல வாங்கிக் கொடுக்கும் பொருள் இது இல்லை.

மரபில் பயன்படுவது வேர். வேர்த்தூள் 3 முதல் 6 கிராம் வரை பாலில் கலந்து குடிப்பது பழைய முறை. இலையில் விதாஃபெரின் ஏ என்ற வீரியமான சேர்மம் அதிகம். இலை கலந்த மலிவுச் சரக்கும் சந்தையில் உண்டு என்பதால், டப்பாவில் "வேர்" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

மகன் ஏ.எல். எடுக்கிறான். பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருக்கு. நீர்ப்பிரமி குடுக்கலாமா?

ஞாபகத்துக்கென்று விற்கும் இந்த மூலிகையால் ஒரு மாதத்தில் எந்தப் பயனும் இருக்காது. அவுஸ்திரேலியாவில் 2001இல் 46 பேருக்கு ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் சாறு கொடுத்த ஆய்வில், ஐந்தாவது வாரத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, பன்னிரண்டாவது வாரத்தில்தான் பலன் தெரிந்தது. பரீட்சைக்கு முதல் மாதம் புதிதாக ஒன்றை ஆரம்பித்தால் கிடைக்கக்கூடியது அதன் வழமையான பக்கவிளைவுதான்: வயிற்றுவலி, அடிக்கடி மலம் கழிதல். பரீட்சை மண்டபத்தில் அது தேவையா?

மகனுக்கு நித்திரையைக் கொடுங்கள். இரவு 2 மணிவரை ட்யூட் எழுதிவிட்டு 5 மணிக்கு வகுப்புக்கு எழும்பும் பிள்ளைக்கு எந்தச் சாறும் உதவாது. இதை நான் ட்யூஷன் நடத்துபவர்களிடமும் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

மஞ்சள் பால், துளசித் தேநீர், ஜின்கோ?

மஞ்சளில் உள்ள குர்குமின் ஆய்வுக்கூடக் கண்ணாடியில் அற்புதம் காட்டும். குடலிலிருந்து இரத்தத்துக்குப் போவதோ மிகக் குறைவு, மூளைக்குள் போவது அதிலும் குறைவு. மிளகில் உள்ள பைப்பரின் சேர்த்தால் உறிஞ்சல் 20 மடங்கு கூடும் என்று 1998இல் பெங்களூரில் கண்டார்கள். ஒன்றுமே இல்லாததன் 20 மடங்கு என்பதையும் யோசியுங்கள். தவிர, அதே பைப்பரின் மற்ற மருந்துகளின் உறிஞ்சலையும் கூட்டிவிடும். இரசத்தில் மஞ்சளும் மிளகும் தாராளமாகப் போடுங்கள், குர்குமின் குளிசைக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

துளசி பற்றிய மனித ஆய்வுகள் சிறியவை, முடிவு சாதகம். தேநீராகக் குடிப்பதில் கெடுதல் இல்லை.

ஜின்கோ நம்மூர்ச் செடியே இல்லை. 75 வயதுக்கு மேற்பட்ட 3000க்கும் அதிகமானோரிடம் பல ஆண்டுகள் சோதித்து, மறதி நோயைத் தடுக்கவில்லை என்று 2008இல் முடிவு வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் கொண்டுவந்து தந்தால் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இயற்கை மருந்துதானே, என்ன செய்துவிடப் போகுது?

சர்ப்பகந்தா என்ற வேரின் கதையைக் கேளுங்கள். பித்துக்கும் நித்திரையின்மைக்கும் நம்முடைய வைத்தியத்தில் பழங்காலம் தொட்டு இருந்தது. 1949இல் பம்பாய் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல் அது இரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் பிரித்தானிய இதயநோய் இதழில் எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிஸ் கம்பனி ஒன்று அதிலிருந்து ரிசர்பின் என்ற சேர்மத்தைப் பிரித்தது. அது உலகமெங்கும் பிரசர் மருந்தானது.

பிறகு அதைக் குடித்தவர்களில் சிலர் காரணமில்லாமல் சோர்ந்து, அழுது, உயிரை வெறுக்கத் தொடங்கினார்கள். நரம்புக்கலங்கள் சேமித்து வைத்திருந்த செரட்டோனின், டோபமின், நோரதிரனலின் ஆகியவற்றை ரிசர்பின் காலிசெய்துவிடுகிறது என்பது பின்னால் தெரிந்தது. மனச்சோர்வுக்கு மூளை இரசாயனம் காரணமாகலாம் என்ற எண்ணம் வலுப்பட்டதற்கு அந்த வேரும் ஒரு காரணம். ஒரு செடி மூளையில் உண்மையாகவே வேலை செய்தால், கெடுக்கவும் அதற்குச் சக்தி இருக்கும். "பக்கவிளைவே இல்லை" என்று எழுதியிருந்தால் ஒன்றில் அது பொய், இல்லையென்றால் அதில் மருந்தே இல்லை.

கிளினிக்கில் தரும் குளிசைகளோடு சேர்த்து எடுக்கலாமா?

கேட்காமல் எடுக்காதீர்கள். நித்திரைக் குளிசை, வலிப்புக் குளிசை எடுப்பவர் அமுக்கராவும் எடுத்தால் மயக்கம் கூடும். பிரசர், சீனி வருத்தக் குளிசைகளோடு சேர்ந்தால் அளவுக்கு மீறி இறங்கலாம். உறுப்பு மாற்றியவர்கள், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் கிட்டவும் போகக்கூடாது. மனச்சோர்வுக்கு வெளிநாடுகளில் விற்கும் சென் ஜோன்ஸ் வோர்ட் என்ற மூலிகை, குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை உட்படப் பல மருந்துகளை ஈரல் வேகமாகக் கழிக்கச் செய்துவிடும். கனடாவிலிருந்து பார்சலில் அது வருவதுண்டு.

கிளினிக் போகும்போது அந்த டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். டொக்டர் ஏசுவார் என்ற பயத்தில் மறைப்பவர்கள்தான் அதிகம். ஏசினாலும் பரவாயில்லை, காட்டுங்கள்.

நாட்டு மருந்துக்கடைத் தூளா, கப்சூலா, எது வாங்குவது?

தூள் என்பது செடி முழுவதும். குடிநீர் என்பது தண்ணீரில் கரைவது மட்டும். கப்சூல் சாறு பெரும்பாலும் மதுசாரமும் தண்ணீரும் கலந்து எடுத்து வற்றவைத்தது. ஒரே செடி, மூன்று வேறு மருந்து. அதனால் கப்சூல் ஆய்வைக் காட்டித் தூளை விற்பதும், தூளின் பாரம்பரியத்தைக் காட்டிக் கப்சூலை விற்பதும் இரண்டுமே சரியில்லை.

கப்சூல் என்றால் லேபிளில் மூன்று விஷயம் தேடுங்கள்: எந்தப் பாகம், எத்தனை மில்லிகிராம் சாறு, அதில் செயற்படும் சேர்மம் எத்தனை வீதம். "500 மில்லிகிராம் அசுவகந்தா" என்று மட்டும் இருந்தால் அது தூளா சாறா என்றே தெரியாது.

தூள் என்றால் முகர்ந்து பாருங்கள். அமுக்கரா வேருக்குக் குதிரை வியர்வை மாதிரி ஒரு வாசம் உண்டு, சுத்தமாக வாசமே இல்லையென்றால் பழசு. நம் பக்கம் உப்புக்காற்றும் மாரிக் காலத்து ஈரமும் சேர்ந்து திறந்த சாக்கில் இருக்கும் சரக்கில் பூஞ்சணம் பிடிக்கும். கட்டி கட்டியாக ஒட்டியிருந்தால் வேண்டாம்.

பாரமான உலோகங்களும் கவலைதான். 2004இல் அமெரிக்காவின் பொஸ்டன் பகுதித் தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்ததில் 14இல் ஈயம், பாதரசம் அல்லது ஆசனிக் இருந்தது. உலோகம் சேர்த்துச் செய்யும் பற்பம், செந்தூரம் வகைகளை வைத்தியர் நேரில் தந்தாலொழிய நீங்களாக வாங்காதீர்கள்.

அப்படியென்றால் சித்த வைத்தியரிடம் போகவே கூடாதா?

அப்படிச் சொல்லவே இல்லை. போங்கள், பதிவுபெற்றவரிடம் போங்கள். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் சித்த வைத்தியர்களுக்கும் பதிவு உண்டு. நமக்கு வேறு ஊர் தேட வேண்டியதும் இல்லை, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே, நிலாவெளி வீதிக் கோணேசபுரியில், சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. என்னிடம் படித்த பிள்ளைகளே அங்கே போயிருக்கிறார்கள். அவர்கள் நாடி பார்த்து, உணவு கேட்டு, நித்திரை கேட்டுத்தான் மருந்து தருவார்கள். ஆள் முகம் பார்க்காமல் பேஸ்புக்கில் லேகியம் விற்பவரையும் அவர்களையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம்.

சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்த அக்கா ஒருவர், இன்னும் கடல் பக்கம் போவதில்லை. அவவுக்கு எந்த மூலிகை நல்லது?

எந்த மூலிகையும் இல்லை. கடல் இரைச்சல் கேட்டதும் நெஞ்சு அடைப்பது, அதே கனவு திரும்பத் திரும்ப வருவது, 2004க்குப் பிறகும் யுத்த இடப்பெயர்வுகளுக்குப் பிறகும் இந்த மாவட்டத்தில் பலர் சொல்லும் விஷயம். மூதூர்ப் பக்கமும் சம்பூர்ப் பக்கமும் ஒரே ஆளுக்கு இரண்டும் நடந்திருக்கிறது. இதற்குப் பேச்சுச் சிகிச்சை இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், காசு தேவையில்லை. தனியே போகக் கூச்சப்படுவா. ஆட்டோவில் அவவோடு சேர்ந்து ஏறிப் போங்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தால் காத்திருக்க வேண்டாம். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

செடி இல்லாமல் மூளைக்கு நல்லது என்று உண்மையாகவே காட்டப்பட்டது ஏதும் உண்டா?

நடை. 2011இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 120 முதியவர்களில் பாதிப்பேரை வாரத்தில் மூன்று நாள், 40 நிமிடம் வரை வேகமாக நடக்கவைத்தார்கள். மற்றவர்களுக்கு உடம்பை நீட்டி மடக்கும் இலேசான பயிற்சி. ஒரு வருடம் கழித்து ஸ்கான் செய்து பார்த்தபோது, நடந்தவர்களின் ஹிப்போகம்பஸ் சுமார் 2 வீதம் பெருத்திருந்தது. மற்றவர்களுக்குக் குறைந்திருந்தது. மேலே சொன்ன எந்த மூலிகைக்கும் மனித மூளையில் அளந்த இப்படி ஒரு முடிவைக் காட்ட முடியாது. டச்சு விரிகுடாக் கரையில் பின்னேரம் ஐந்து மணிக்குப் பாருங்கள், பாதிப்பேர் கச்சான் வாங்கி உட்கார்ந்திருப்பார்கள். கச்சானை நடந்துகொண்டே சாப்பிடலாம். கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில்வரை ஏறி இறங்கினால் இன்னும் நல்லது, மான்களுக்கு வாழைப்பழத்தோலைக் கொடுக்காமல் போனால் சரி.

சரி, வல்லாரையை வீட்டிலேயே வளர்க்கலாமா?

வளர்க்கலாம், அதுதான் நல்லதும். சந்தைக் கட்டு எந்த வாய்க்கால் ஓரத்தில் பிடுங்கியது என்று யாருக்கும் தெரியாது. வல்லாரை மண்ணிலும் தண்ணியிலும் உள்ள உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செடி. வேர்விட்ட ஓடுதண்டு ஒன்றை எடுத்து அகலமான தொட்டியில் வையுங்கள், ஆழம் தேவையில்லை. நம் வெயிலுக்கு முழுநேர வெளிச்சம் ஆகாது, மாமர நிழலோ கிணற்றடியோ போதும். சவர்க்காரத் தண்ணி போகும் பக்கம் வேண்டாம். உவர்க் கிணறு என்றால் இலை ஓரம் கருகும், மழைத்தண்ணி பிடித்து ஊற்றுங்கள். ஆய்ந்தெடுக்கும்போது வேரோடு இழுக்காமல் முதிர்ந்த இலைகளைக் காம்போடு கத்தரியுங்கள், இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த சம்பலுக்கு இலை வந்துவிடும். பச்சையாகச் சாப்பிடுவதால் இலையின் அடிப்பக்கத்தை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, உப்புத் தண்ணியில் சிறிது நேரம் போட்டு, ஓடும் தண்ணியில் இரண்டு தரம் அலசிய பிறகு அரியுங்கள்.